கன்னியப்பன் எடுத்த இரண்டு நூல்

கன்னியப்பன் எந்தச் சக்கரத்தையும் முதலில் பார்க்கமாட்டார். கேட்பார்.

கடைசலுக்கு வருவது புல்லியோ பற்சக்கரமோ, கோணி தைக்கும் நூலை நாலாக மடித்து நடுத்துளையில் கோத்து, உத்தரத்துக் கொக்கியில் தொங்கவிடுவார். ஸ்பேனர் முனையால் ஒரே ஒரு தட்டு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ஓசை அடங்கும்வரை பட்டறையில் யாரும் இருமக்கூட மாட்டோம். நல்ல இரும்பு நீளமாகச் சொல்லும். உள்ளே விரிசல் இருந்தால் ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளும்: தொப். அப்படிச் சொன்ன சக்கரத்தை அவர் லேத்தில் ஏற்றமாட்டார். முதலாளி சுந்தர்ராஜ் கத்தினாலும் ஏற்றமாட்டார்.

"அதுவே சொல்லிடுச்சி சார், நான் செத்துட்டேன்னு. நான் போயி அத எழுப்பணுமா?"

ஆம்பூரில் பெங்களூர் ரோட்டை ஒட்டி இருந்தது எங்கள் பட்டறை. தோல் பதனிடும் டேனரிகளின் இயந்திரங்களைச் செப்பனிடுவதுதான் பிழைப்பு. நான் அளவெடுத்துப் படம் போடுகிறவன், எண்பத்தொன்றில் சேர்ந்தேன். அதிகம் பேசாதவன் என்பதால் நான் யாருக்கும் தொந்தரவாகத் தெரியவில்லை. கன்னியப்பனுக்கு அது பிடித்தே இருந்தது. "கிருபா பக்கத்துல நின்னா இரும்பு நல்லாக் கேக்குது" என்பார்.

அவர் மனைவி மரியம்மாள் மதியம் சோற்றுத் தூக்கைக் கொண்டுவருவார். ஒருநாள் தொங்கும் சக்கரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொண்ணு பாக்க வந்தப்போ என் தலையிலயும் தட்டிப் பாத்துட்டுத்தான் சரின்னாரு இந்த மனுசன்."

"இன்னா சத்தம் வந்துச்சிக்கா?" என்று ஃபிட்டர் ஜார்ஜ் கேட்டான்.

"இன்னும் நிக்கலியாம். இருவது வருசமாக் கேட்டுக்கினே இருக்கேன்றாரு."

எல்லோரும் சிரித்தோம். கன்னியப்பன் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். சக்கரங்களைப் பற்றிய எந்தக் கேலிக்கும் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

காரணத்தை அவரே ஒருமுறை சொன்னார். எழுபத்து மூன்றில் அவர் ஒரு டேனரியில் ஆயில் என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும் காலம் அது. ஆள் உயரச் சக்கரம், வார்ப்பிரும்பு. தம்பி துரைசாமிக்கும் அங்கேதான் வேலை. ஒரு காலையில் சக்கரத்தின் வழக்கமான இரைச்சலுக்கு அடியில் இன்னொரு ஓசை மெல்லியதாக ஓடுவது கன்னியப்பனுக்குக் கேட்டது. டீ குடித்துவிட்டு நிறுத்திப் பார்க்கலாம் என்று இருந்தார். அந்த டீயைத்தான் துரைசாமி வாங்கிக்கொண்டு வந்தான். அவன் வாசற்படியில் கால் வைத்தபோது சக்கரம் வெடித்தது.

"டீ கிளாஸு உடையல கிருபா. கைலயே வெச்சிக்கினு கெடந்தான். ஒரு சொட்டு சிந்தல."

சக்கரம் நான்கு துண்டாகப் போயிருந்தது. மூன்று கிடைத்தன. நான்காவது கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போயிற்று. அது விழுந்த சத்தத்தை யாரும் கேட்கவில்லை. கூரைகளின் மேல் தேடினார்கள். பாலாற்று மணலில் தேடினார்கள். தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிகளில் மூங்கிலை விட்டுத் துழாவினார்கள். இல்லை. அதன்பிறகு ஆம்பூரில் எந்த டேனரியில் குழியைக் காலி செய்தாலும் கன்னியப்பனுக்குச் சொல்லி அனுப்புவது வழக்கமானது. யாரோ விளையாட்டாக ஆரம்பித்தது. பத்து வருடத்தில் யாருக்கும் அது விளையாட்டாகத் தெரியவில்லை. அவர் போய்க் குழியின் விளிம்பில் குந்தி, அடியில் கிடக்கும் வெள்ளைச் சேற்றைப் பார்த்துவிட்டு வருவார்.

"கெடைச்சுதா மேஸ்திரி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்க கெடைக்கும்? இன்னும் எறங்கல போலக்குது" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

எண்பத்து மூன்று நவம்பரில், மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை, ஜான் பாஷா தோல் துண்டில் சுற்றிய ஒரு பொருளோடு பட்டறைக்கு வந்தார். பெரிய டேனரி ஒன்றில் தோலைச் சீவிக் கனம் குறைக்கும் மிஷினில் பதினைந்து வருடம் நின்றவர். இப்போது அந்த டேனரியின் சின்ன முதலாளிக்குக் கார் டிரைவர், மெக்கானிக், எல்லாம். கன்னியப்பனுக்கு இந்த ஊரில் இருந்த ஒரே தோஸ்த். துரைசாமியைப் புதைத்தபோது முதல் பிடி மண் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

"இன்னா கன்னி, தண்ணில ஓடுற ஸ்கூட்டர் பாத்துருக்கியா?"

"ரோட்டுல ஓடுறதே எனக்கு ஓட்டத் தெரியாது பாய்."

"சின்ன முதலாளி ஜப்பான்லேந்து எறக்கிட்டாரு. சீட்டு கெடையாது, சக்கரம் கெடையாது. நின்னுக்கினே ஓட்டணும். காவேரிப்பாக்கம் ஏரி ரொம்பிடுச்சி இல்ல, திங்கக்கெழமை அதுல உடறோம்."

"சக்கரம் கெடையாதுன்றே, கைல இன்னா வெச்சினுகீறே?"

தோல் துண்டைப் பிரித்தார். என்ஜினின் சுழற்சியைத் தாங்கிப் பிடிக்கும் ஃப்ளைவீல். ஒரு சாண் அகலம். உள்வட்டத்தில் காந்தங்கள் பதித்திருந்தன.

"இதான் பாரமா இருக்குதாம். முறுக்குனா ஒடனே எகிற மாட்டேங்குது. சுத்து ஓரத்துல மட்டும் சமமா எடுத்துடு. எடுத்துட்டா அம்பு மாதிரி போவுமாம்."

"எவ்ளோ எடுக்கணும்?"

"ரெண்டு."

கன்னியப்பன் விளிம்பை விரலால் தடவினார். "ரெண்டா? ஜாஸ்தியா இல்ல?"

"ரெண்டுன்னா ரெண்டு. வெளிநாட்டு புக்குல பாத்துட்டு அவரே சொன்னாரு. நீ இன்னா அத ஒரு பேஜாராப் பண்றே?"

ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒன்று ஒரு நூல். எங்கள் பட்டறையில் யாரும் 'நூல்' என்று வாய்விட்டுச் சொல்லவேண்டியதே இல்லை. ரெண்டு எடு என்றால் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம். தோல்காரர்களும் அளவின் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் அவர்களுடைய ரெண்டு வேறு. அது இரண்டு மில்லிமீட்டர். எங்கள் ரெண்டில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

என் அப்பா டேனரியில் தோல் தரம் பிரித்தவர். எனக்கு இரண்டு ரெண்டும் தெரியும். அந்தச் சொல் ஜான் பாஷாவின் வாயிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டு, கன்னியப்பனின் காதில் வேறொன்றாக இறங்கியதோ என்று ஒரு சந்தேகம் வந்தது. 'எந்த ரெண்டு?' என்று கேட்டிருக்கலாம். இரண்டே சொல். அவர்களுக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டு பென்சிலைச் சீவினேன்.

கன்னியப்பன் சக்கரத்தைத் தொங்கவிட்டுத் தட்டினார். நன்றாகச் சொல்லிற்று.

"பாய், ஒன்னு கேட்டுக்கோ. பாரம் கம்மியானா சீக்கிரம் எகிறும், சரி. ஆனா மெதுவா ஓடுன்னா ஓடாது, பொட்டுனு நின்னுடும். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவுல அந்தப் பாரந்தான் ஞாபகம் வெச்சிக்கினு சுத்துது."

"நம்மாளு எப்பப்பா மெதுவாப் போனாரு?" என்று சிரித்துக்கொண்டே ஜான் பாஷா டீ குடிக்கப் போனார்.

லேத்தில் ஏற்றினார். ஊசி ஊசியாகச் சீவல் உதிர்ந்தது. இரும்புத் தூள் கீழே விழாமல் காந்தத்தை நோக்கி ஓடி உள்வட்டத்தில் ஒட்டிக்கொண்டது. அளவு பார்க்க லேத்தை நிறுத்தியபோது ஜார்ஜ் எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யய்ய, இன்னா மேஸ்திரி, முடி மொளைச்சிக்குது!" என்றான். சக்கரத்தின் உட்புறம் முழுக்கக் கருமுடி குத்திட்டு நின்றது, இன்னும் சுண்ணாம்பில் போடாத ஆட்டுத்தோல் போல. கன்னியப்பன் கையால் மெல்லத் திருப்பினார். முடி ஒருபக்கமாகச் சாய்ந்து மறுபடி எழுந்தது.

முடித்துத் துடைத்துத் தொங்கவிட்டுத் தட்டினார்.

குரல் மாறியிருந்தது. மெல்லிய, உயர்ந்த ஓசை. நாங்கள் காத்திருந்தோம். அது நிற்கவில்லை. அரை நிமிஷத்துக்குப் பிறகு கன்னியப்பன் உள்ளங்கையால் சக்கரத்தைப் பிடித்தார். பிடித்த பிறகும் கேட்டது. ஒரு மூச்சு நேரம், இரண்டு மூச்சு நேரம்.

"ஒனக்குக் கேக்குதா கிருபா?"

தலையாட்டினேன்.

அவர் சக்கரத்தை விட்டுவிட்டு வாசலுக்குப் போனார். நெற்றியில் கைவைத்து, இன்னும் இறங்காததைத் தேடுகிறவர்போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் போய் அவர் பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். மழை மேகம் பேரணாம்பட்டுப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

ஜான் பாஷா சக்கரத்தைத் தோலில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை கன்னியப்பனும் நானும் ஜான் பாஷாவின் அந்த டேனரிக்குப் போக நேர்ந்தது, சீவும் மிஷினின் உருளைக்கு அளவெடுக்க. தோல்களை உருட்டும் மர டிரம்கள் சுழன்றுகொண்டிருந்தன, சீவும் மிஷின் அலறிக்கொண்டிருந்தது. காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. சூப்பர்வைசர் சுப்பராயன் எங்களைப் பார்த்ததும், மிஷின்காரனை நோக்கி இரண்டு முன்கைகளையும் தலைக்குமேல் குறுக்காக வைத்துக் காட்டினார். அவன் அந்த நொடியே நிறுத்தினான், பேச்சு கேட்கிற அளவுக்கு இரைச்சல் அடங்கியது. டேனரியில் அந்தச் சைகைக்குக் கேள்வி கிடையாது. ஆள் மாட்டிக்கொண்டான் என்பது அதன் முதல் அர்த்தம். யார் காட்டினாலும் கை தானாக ஸ்விட்சுக்குப் போய்விடவேண்டும். ஏன் என்று கேட்கிற நேரத்தில் ஒருவனுடைய விரல்கள் போய்விடும்.

நான் உருளையை அளந்துகொண்டிருந்தேன். சுப்பராயன் தோல் அடுக்கின் பக்கம் திரும்பி, கனம் பார்க்கும் கருவியை ஒவ்வொரு தோலிலும் கடிக்கவிட்டுச் சத்தமாகச் சொன்னார்: "ஒன்னு எட்டு... ரெண்டு... ரெண்டு... ஒன்னு ஒம்போது... ரெண்டு..."

கன்னியப்பன் மெதுவாக அவர் பக்கம் நடந்தார்.

"ரெண்டுன்னு சொன்னியே, ரெண்டு இன்னா?"

"இன்னா மேஸ்திரி, ரெண்டு முழமா இருக்கும்? மில்லிமீட்டருதான்."

"ஜான் பாஷாவும் இப்பிடித்தான் சொல்லுவானா?"

"இங்க எல்லாரும் இப்பிடித்தான். ஏன்?"

கன்னியப்பன் அவர் கையிலிருந்த தோலை வாங்கி, விரலிடுக்கில் வைத்து அதன் கனத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"பாய் எங்க?"

"காலைலயே வண்டில ஏத்திக்கினு சின்ன முதலாளியோட போய்ட்டாரே, காவேரிப்பாக்கத்துக்கு. மொதல்ல பாய்தான் ஓட்டிக் காட்டணுமாம். பதினோரு மணிக்குத் தண்ணில எறக்கறதாப் பேச்சு."

மணி எட்டரை. மெட்ராசுக்குத் தோல் ஏற்றிய லாரி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் காசி எங்களை முன்னால் ஏற்றிக்கொண்டான். விஷயத்தைச் சொன்னதும் அவன் பீடியை வெளியே எறிந்தான்.

"ஏன் மேஸ்திரி, ஓரத்துல மீதி எவ்ளோ இருக்கும்?"

கன்னியப்பன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினாற்போல வைத்துக் காட்டினார். காசி அதற்குப்பிறகு வேலூர் வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. வழியில் ஒரு ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். ராணிப்பேட்டையில் ஒரு சவ ஊர்வலம் ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. கன்னியப்பன் எதற்கும் அவசரப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காவேரிப்பாக்கத்துக்குப் பத்து மைல் முன்னால் சொன்னார்: "ஓடுது."

"பத்து மைலா? லாரி சத்தத்துலயா?" என்றான் காசி.

"வெள்ளிக்கெழமலேந்து ஓடுது. இப்போ கிட்ட வந்துடுச்சி."

காசி என் பக்கம் பார்த்தான். அவன் கால் ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தியது.

ஏரிக்கரை ஏறியபோது பதினொன்றரை. கண்ணுக்கு எட்டியவரை சாம்பல் நிறத் தண்ணீர். மழையில் முழுகிய பனைகளின் தலை மட்டும் அங்கங்கே தெரிந்தது. ஒரு கொக்கு இல்லை. மதகுப் பக்கம் வேடிக்கை பார்க்க நின்ற கூட்டம்கூடப் பேசாமல் நின்றது. என்ஜின் சத்தம் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினோம், பின்னால் வயல்தான். ஜான் பாஷா எங்களுக்கு எதிரே, ஏரியின் நடுவில், சிவப்பு நிற வண்டியின்மேல் நின்றுகொண்டு வட்டமடித்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கரை திருப்பி அனுப்புகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சின்ன முதலாளி கறுப்புக் கண்ணாடியுடன் காரில் சாய்ந்து நின்றார். "வாங்க டர்னர்! சூப்பர் வேலை. மெதுவாப் போனா மட்டும் நின்னுடுது. அதான் குறைக்காதே, ஃபுல்லா முறுக்குன்னு சொல்லியிருக்கேன்."

"நிறுத்தச் சொல்லுங்க சார். நான் தப்பா எடுத்துட்டேன். ஓரம் தாங்காது."

"இவ்ளோ தூரத்துல எப்படிச் சொல்றது? வரட்டும், இரு."

கன்னியப்பன் கத்தினார். காசி கத்தினான். துண்டை வீசினோம். ஜான் பாஷா எங்களைப் பார்த்துவிட்டார். தோஸ்த் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். வண்டியை எங்கள் பக்கம் திருப்பினார். எங்களுக்குக் காட்டுவதற்காகவே இன்னும் முறுக்கினார்.

சத்தம் ஏறியது. ஏற ஏற அதற்கு அடியில் ஒரு மெல்லிய நூல் போல இன்னொரு ஓசை ஓடுவது எனக்கும் கேட்டது. பட்டறையில் கைக்குள் நிற்காத அதே ஓசை.

கன்னியப்பன் தண்ணீரில் இறங்கினார். முழங்கால், இடுப்பு, மார்பு. அதற்குமேல் போகவில்லை. நின்றார். இரண்டு முன்கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் குறுக்காக வைத்தார்.

ஜான் பாஷாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. சிரிப்புக்கு ஒன்றும் தெரியவில்லை. கைதான் முதலில் கேட்டது. பதினைந்து வருடம் மிஷினில் நின்ற கை. முறுக்கியதை விட்டது. பாரம் போன சக்கரம், ஒரு சுற்றுகூட இழுக்காமல், அந்த நொடியிலேயே நின்றது. பழைய பாரம் இருந்திருந்தால் இன்னும் சற்று ஓடித்தான் நின்றிருக்கும்.

வண்டி தண்ணீரில் சாய்ந்தது. ஜான் பாஷா கழுத்தளவு நீரில் அதைப் பிடித்துக்கொண்டு, "யாருப்பா மாட்டிக்கினான்? யாரு?" என்று பதறிக்கொண்டே தள்ளிவந்தார்.

"நீதான்" என்றார் கன்னியப்பன்.

அங்கேயே கழற்றினார்கள். சின்ன முதலாளி ஏதோ சொல்ல வந்தார். காசி அவர் பக்கம் திரும்பிப் பார்த்ததும் விட்டுவிட்டார். கரையில் ஒரு புங்கமரம். கன்னியப்பன் ஈரச் சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்து, சக்கரத்தைக் கிளையில் தொங்கவிட்டு, அதன் முனையை என் கையில் கொடுத்தார். ஸ்பேனரால் தட்டினார்.

தொப்.

விளிம்பிலிருந்து நடுத்துளையை நோக்கி, முக்கால் தூரம், ஒரு முடி கிடந்ததுபோல் விரிசல். ஜான் பாஷா அதை முடி என்றே நினைத்து விரலால் துடைத்தார். போகவில்லை. மறுபடி துடைத்தார். பிறகு கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் ரெண்டுன்னுதானே சொன்னேன் கன்னி."

"நானும் ரெண்டுதான் பாய் எடுத்தேன்."

நூல் என் கையில்தான் இருந்தது. "எனக்குத் தெரியும் மேஸ்திரி" என்றேன். "அன்னிக்கே. ரெண்டும் வேற வேறன்னு."

கன்னியப்பன் ஸ்பேனரைத் தரையில் வைத்தார். "நானுந்தான் அன்னிக்குக் கேட்டேன், சத்தத்த. டீ குடிச்சிட்டுப் பாக்கலாம்னு இருந்தேன்" என்றார். பிறகு, "கை வலிக்குதா? எறக்கு" என்றார்.

அதற்குப்பின் பட்டறையில் யார் எண்ணைச் சொன்னாலும் கன்னியப்பன் விடமாட்டார். "மூணு இன்னா? நாலு இன்னா?" பேர் சொல்லாத எண்ணை அவர் லேத்தில் ஏற்றவே இல்லை. டீக்கடைக்காரன்கூட, "மேஸ்திரிக்கு ரெண்டு டீ! நூலு இல்லைங்க, கிளாஸு!" என்று கூவுவான். அவர் தலையை மட்டும் ஆட்டுவார். விளையாட்டாக இல்லை, சரியாகச் சொன்னான் என்பதற்காக.

அந்தச் சக்கரம் பட்டறையின் கடைசிக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் தொடுவதில்லை. தட்டினால் தொப் என்பதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு, எதிர் டேனரியில் டிரம்களைச் சுழலவிடும்போது, அதன் உள்வட்டத்தில் எஞ்சிய இரும்புமுடி ஒருமுறை சாய்ந்து எழும். கூடவே ஓர் ஓசை வரும். ஜார்ஜுக்குக் கேட்டதில்லை. எனக்குக் கேட்டது.

மறு மாதம் பெரிய டேனரியில் ஒரு சுண்ணாம்புக் குழியைக் காலி செய்தார்கள். வழக்கம்போலச் சொல்லி அனுப்பினார்கள். இந்த முறை ஜான் பாஷாவும் கூட வந்தார், யாரும் அழைக்கவில்லை. மூன்று பேரும் விளிம்பில் குந்திப் பார்த்தோம். வெள்ளைச் சேறு, கொஞ்சம் முடி, ஒரு செருப்பு. அவ்வளவுதான்.

திரும்பும்போது ஜான் பாஷா எங்களுக்கு இரண்டடி முன்னால் நடந்தார். இரண்டு தடவை கல் தடுக்கியது. அவர் கண் ரோட்டில் இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

"பாய்" என்றார் கன்னியப்பன். "கீழ பாத்து நட."

"கேக்குது கன்னி."

"தெரியும். நீ கீழ பாத்து நட."